லைட்டுக்குப் பாவாடை கட்டினவள்

வெளிச்சத்தோடு சண்டைக்குப் போகக் கூடாது. போனாலும் வெல்லக் கூடாது. நான் ஒருமுறை வென்றுவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாமரத்தடி. (ரீச்சர் பாவம், என்னைக் கண்டால் சோக்கட்டியை ஒளிச்சுப்போடுவா. நான் தின்னுறனான்.) ஆகவே இந்தக் கதையில் எங்காவது புத்தியான காரியம் ஒன்று நடந்தால், அதை வேறு யாரோ செய்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவு உள்துறைமுகக் கரையில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் தண்ணீர். என் மனுசனிடம் ஓராள் ஓடுகிற சின்ன வள்ளம் ஒன்று. பின்னேரம் மூன்று மணிக்குத் தொழிலுக்குப் போனால், இருட்டி எட்டு எட்டரைக்குத் திரும்புவார்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து நான் ஒரு வேலையைத் தவறவிட்டதில்லை. பொழுதுபட்டதும் அரிக்கன் லாம்பின் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, கொளுத்தி, வேலியோரக் கம்பத்தில் மாட்டுவேன். எங்கள் கரையில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான். கடலில் நிற்கிறவருக்கு அந்தப் பொட்டு வெளிச்சம்தான் வீடு. மற்றவர்களின் சிமினியில் கரி பிடித்திருக்கும். என்னுடையது மூக்குத்தி மாதிரி மினுங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். என் லாம்பு இல்லாவிட்டால் இந்த மனுசன் நேரே இந்தியாவுக்குப் போய்விடுவார் என்று பத்து வருசம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்து வளவை மூதூரைச் சேர்ந்த சலீம் காக்கா வாங்கிக் கருவாட்டுக் கிடங்கு ஒன்று கட்டினார். (காக்கா என்றால் அண்ணன். பறவையை நாங்கள் காகம் என்போம்.) இரண்டு தடவை கருவாடு சாக்கோடு களவு போனது. மூன்றாம் தடவை போவதற்கு முன் அவர் கிடங்கின் மூலையில் இரும்புக் குழாயொன்றை நீட்டி, தகரத் தொப்பி போட்ட பெரிய லைட்டொன்றைப் பூட்டினார்.

முதல் மாதம் அது ஒழுங்காக அவருடைய கதவைப் பார்த்து எரிந்தது. பிறகு ஒருநாள், காரணம் ஏதும் இல்லாமல், கழுத்தைத் திருப்பி எங்கள் வளவைப் பார்த்தது.

அன்றோடு என் வீட்டில் இரவு என்பது இல்லாமல் போனது. கிடுகின் ஒவ்வொரு ஓட்டையாலும் வெளிச்சம் வந்து பாயில் புள்ளி போட்டது. சேவல் எட்டு மணிக்குக் கூவும், பத்து மணிக்குக் கூவும், விடியற்காலையில் களைத்துப்போய் நித்திரை கொள்ளும். குசினிக்குள் நான் எத்தனை மீன் துண்டை எனக்கென்று ஒதுக்கி வைக்கிறேன் என்பது ஒழுங்கையில் போகிறவனுக்கும் தெரிந்தது. இதெல்லாம் பரவாயில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கக்கூசு கிடையாது. வேலியோரத்துப் பற்றையும் இருட்டும்தான். பெண்பிள்ளைக்கு இருட்டு ஒரு சீலை. அந்தச் சீலையை ஒருவர் கேட்காமல் உருவினால் கோபம் வருமா வராதா?

போய்க் கேட்டேன்.

"காக்கா, உந்த லைட்டைக் கொஞ்சம் அங்காலை திருப்பினால் என்ன?"

"ஏலாது, தங்கச்சி."

"நிப்பாட்டவும் ஏலாதோ?"

"அதுவும் ஏலாது. காரணத்த என்னட்டக் கேக்காதீங்க. வேற என்னவும் கேளுங்க, தாறன்."

வேறு என்னத்தைக் கேட்பது? அரை இறாத்தல் நெத்தலிக் கருவாடு கேட்டேன். தந்தார். கோபம் போகவில்லை. கருவாடு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். வெளிச்சம் நல்லதுதானே, கள்ளர் வரமாட்டினம் என்றார். எங்கட வீட்டுக்குக் கள்ளன் வந்தால் இரக்கப்பட்டு ஏதும் வைச்சிட்டுத்தான் போவான், அதையும் கெடுக்கிறியளோ என்று கேட்டேன். மனுசன் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். சாதாரணமாக என் பகிடிக்குச் சிரிக்கிறவர். அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

என் உண்மையான துக்கத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது என் லாம்பு. அந்தப் பெரிய வெளிச்சத்துக்கு முன்னால் அது எரிகிறதா அணைந்ததா என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியாது. கடலில் நிற்கிறவருக்கு என்ன தெரியப் போகிறது? இருந்தும் ஒவ்வொரு நாளும் சிமினியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வயிறு எரிந்தது.

ஒருநாள் சலீம் காக்கா, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கென்று மத்தியான மோட்டார் லாஞ்சில் மூதூருக்குப் போனார். அடுத்த நாள் காலையில்தான் வருவார் என்பதால் லைட்டைப் போட்டுவிட்டே போயிருந்தார். பட்டப்பகலில் அது எரிந்துகொண்டு நின்றது. எனக்கு நாக்கைக் காட்டுவது போல இருந்தது.

என் மனுசன் கடலுக்குப் போனபின் உரலைக் கவிழ்த்தேன். அதன்மேல் கதிரையை வைத்தேன். கதிரையில் ஏறி நின்று, முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியின் நுனியில் என் கறுப்பு உள்பாவாடையைக் கொழுவி உயர்த்தினேன். ஏன் பாவாடை என்று கேட்பீர்கள். சாக்குக்கு நாடா இல்லை. பாவாடைக்கு இருக்கிறது. இடுப்பை விரித்துத் தகரத் தொப்பிக்கு மேலால் விட்டு, கொக்கத்தடியாலேயே நாடாவின் நுனியைக் கொழுவி இழுத்தேன். லைட்டின் கழுத்தில் அது கச்சிதமாக இறுகியது. கறுப்புத் துணி கீழே தொங்க, பெரிய வெளிச்சம் செத்துப்போனது.

பொழுதுபட்டது. இருட்டு என்ற சாமான் பல மாதத்துக்குப் பிறகு எங்கள் வளவுக்குத் திரும்பி வந்தது. லாம்பைக் கொளுத்தி மாட்டினேன். எங்கள் வளவில் எரிந்தது அது ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் நான் மகாராணி மாதிரி நின்றேன்.

எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. மனுசனைக் காணவில்லை.

ஒன்பதரைக்குச் செல்லத்துரை வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வந்தான். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற தொழிலாளி. அவனுடைய முழங்காலில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் கிடக்கிற கல்லில் வள்ளம் இடித்துவிட்டதாம்.

"அக்கா, காக்கான்ர லைட்டுக்கு என்ன நடந்தது? நாங்கள் எல்லாரும் அதைப் பாத்துத்தானே கல்லுக்கு இங்காலை திரும்புறது."

"எல்லாருமோ?"

"அத்தான்தான் முதல் கண்டுபிடிச்சவர். உங்களுக்குத் தெரியாதோ?"



ஓடிப்போய்க் கதிரையில் ஏறி, கொக்கத்தடியால் பாவாடையை இழுத்தேன். நாடா இறுகிப்போய்க் கிடந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். தடி முறிந்தது. உரல் உருண்டது. நான் விழுந்தேன். பாவாடை அசையவில்லை.

இப்போது சொல்லப்போவதை நான் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டேன். செல்லத்துரை கூப்பிடு தூரத்தில்தான் நின்றான். அவனுக்கு ஏணி இருந்தது. "தம்பி, ஏறி என்ர பாவாடையை அவிழ்த்துவிடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. மனுசன் கடலில், கல் கடலில், அவருக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது என் வெட்கம் ஒன்றுதான். அதை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

அதற்குப் பதிலாக வேலியைப் பிடுங்கினேன். கிடுகு கிடுகாகப் பிடுங்கி மணலில் குவித்து நெருப்பு வைத்தேன். சனம் ஓடி வந்தது. அவருக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்றேன். அவர்களும் பாவம் பார்த்துப் பிடுங்கித் தந்தார்கள். பல்பு போய்விட்டதாக்கும் என்று நினைத்து ஒருவரும் மேலே பார்க்கவில்லை. செல்லத்துரையும் இன்னும் இரண்டு பேரும் வள்ளங்களில் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். பின்வேலி முடிந்தது. பக்கவேலி முடிந்தது. கடைசியில் வாசல் படலையையும் எரித்தேன். ஊரில் உள்ள எல்லாத் தெய்வத்துக்கும் நேர்த்தி வைத்தேன். எனக்குத் தெரியாத தெய்வத்துக்கும் வைத்தேன்.

நன்றாக விடியுமுன் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து என் மனுசன் இறங்கினார். இடுப்பில் கட்டிய சாரம் உப்புப் பிடித்து விறைத்திருந்தது. ஆள் முழுசாக இருந்தார். கூடவே கொஞ்சம் தமிழ் தெரிந்த காவற்காரர் ஒருவர்.

நடந்தது இதுதான். எங்கள் கரையில் வெளிச்சத்தைக் காணாமல், அப்பால் தெரிந்த வேறொரு பெரிய வெளிச்சத்தை நம்பி வள்ளத்தை விட்டிருக்கிறார். அது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம். வெளியாள் கால் வைக்கக் கூடாத இடம். பிடித்து வைத்துவிட்டார்கள். பிளேன்ரீயும் கொடுத்து, ஏன் வந்தாய் என்று இரவு முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். எங்கட கரையில் ஒரு லைட் இருக்கு, அது நேற்று எரியவில்லை என்று இவர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். அந்த லைட்டைக் காட்டினால் வள்ளத்தை விடுவார்கள். காட்டாவிட்டால் வள்ளமும் போகும், வழக்கும் வரும்.

வள்ளம் போனால் எங்களுக்குச் சோறு போகும்.

அந்த நேரம் பார்த்து, முதல் லாஞ்சில் சலீம் காக்காவும் வந்து இறங்கினார். சனம் முழுவதும் கூடி நின்றது. மறைக்க ஒரு வேலிகூட இல்லை. (நான்தானே எரிச்சனான்.)

"எங்க உங்க லைட்?" என்று காவற்காரர் கேட்டார்.

என் மனுசன் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். விடியற்காலைக் காற்றில் என் பாவாடை மெல்ல ஆடியது. உள்ளே லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் துணியிலுள்ள ஒவ்வொரு ஓட்டையும் நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது. முன்பக்கத்தில் ஒரு நீல ஒட்டு. அவருடைய பழைய சாரத்தில் வெட்டி நான் தைத்தது. மனுசன் அந்த ஒட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. வழக்கு வந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அது எனக்குத் தெரிந்தது.

நான் முன்னுக்கு வந்தேன்.

"ஐயா, அது என்ர பாவாடை. நான்தான் கட்டினனான். இவர் பொய் சொல்லேல்லை."

 என் சேவல்கூட அன்று கூவாமல் மரியாதையாக இருந்தது. செல்லத்துரை ஏணியைக் கொண்டுவந்தான். நாடாவை வெட்டினார்கள். காவற்காரர் நடந்ததை எழுதி, என்னிடம் கைநாட்டு வாங்கினார். பிறகு பாவாடையை மடித்து, அத்தாட்சிக்கு வேண்டும் என்று ஜீப்பில் வைத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம் வள்ளம் திரும்பி வந்தது.

சலீம் காக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஒங்கட வீட்டுக்காரர்தான் லைட்ட ஒங்கட வளவுக்கு மேலால கடல்பக்கம் திருப்பச் சொன்னவரு, தங்கச்சி. ஒங்களுக்குச் சொல்லவாணாம் எண்டு சத்தியம் வாங்கிட்டாரு."

ஏன் சொல்லவில்லை என்று அன்று மனுசனிடம் கேட்டேன். என் லாம்பு அந்தக் கல்லுக்கு அப்பால் ஒருநாளும் தெரிந்ததில்லையாம். பத்து வருசமும் குத்துமதிப்பாகத்தான் வந்திருக்கிறார். சிமினியை நான் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, சொல்ல மனம் வரவில்லையாம்.

"அப்ப என்ர லாம்பு ஒண்டுக்கும் உதவேல்லையோ?"

"கரைக்கு வந்தாப் பிறகு வீட்டுக்கு வழி வேணுமெல்லே" என்றார்.

(அந்தப் பொய்யை நம்பித்தான் இன்னும் இரண்டு பிள்ளை பெத்தனான்.)

காக்கா பிறகு லைட்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு தகரத்தை வைத்து அடித்தார். கடலுக்கு வெளிச்சம், எங்கள் வளவுக்கு இருட்டு. அதைச் செய்ய ஐந்து நிமிசம் போனது. புதுக் கிடுகும் அவரே வாங்கித் தந்தார்.

மனுசன் இப்போது இல்லை. கதை மட்டும் இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனால் ஒருவரும் மெழுகுதிரி தேடுவதில்லை. "முதல் அம்மம்மான்ர பாவாடையெல்லாம் அலுமாரியிலை இருக்கோ எண்டு எண்ணிப் பாருங்கோ" என்று இருட்டுக்குள் யாராவது ஒரு பேரப்பிள்ளை சொல்லும். நானும் எழுந்து, தடவிக்கொண்டு போய், அலுமாரியைத் திறந்து ஒழுங்காக எண்ணுவேன். எப்போதும் ஒன்று குறையும். அது இன்னும் அரசாங்கத்திடம் இருக்கிறது.