நூற்று முப்பது டிகிரி, அரை கிலோமீட்டர்

மைய மனிதர் என்று ஓர் இனம் உண்டு. சமவெளியிலும் இருக்கிறார்கள், ஆனால் ஏற்காட்டு மலையில் பத்தடிக்கு ஒரு வளைவு இருப்பதால் இங்கே அவர்களால் விளையும் சேதம் கொஞ்சம் அதிகம். அப்படி ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். அவர் நிற்கும் இடத்திலிருந்துதான் உலகம் தொடங்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கவே மாட்டார். எதற்குக் கேட்க வேண்டும்?

செம்மநத்தம் பக்கத்தில் எங்கள் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சத்யராஜ் இந்த இனத்தில் முதல் தரம். மகள் ஹரிணியின் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தில் துருவ ஆயத்தொலைகள் என்ற பாடத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருடைய சுபாவத்துக்குச் சூத்திரமும் கிடைத்துவிட்டது. விஷயம் எளிது. ஒரு மையம், அதிலிருந்து ஒரு தொடக்கக் கோடு, அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கமாக இத்தனை டிகிரி திரும்பி, இத்தனை தூரம் நேராகப் போனால் புள்ளி. மையம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் வீட்டு வாசற்படியை மையமாகவும், அங்கிருந்து கேட்டுக்குப் போகும் பாதையைத் தொடக்கக் கோடாகவும் வைத்து, பெரிய தாளில் வட்டத்துக்கு வெளியே வட்டமாகப் போட்டு, ஏரி, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பேச்சுவார்த்தை நின்றுபோன மைத்துனர் வீடு வரை புள்ளி வைத்து முன்னறைச் சுவரில் ஒட்டினார். சேர்வராயன் கோயிலும் அவரைச் சுற்றித்தான் இருந்தது.

போன ஆவணியில், நல்ல மழையில், அரை கிலோமீட்டர் தள்ளி மாடு வளர்க்கும் காளியாயி ரைட்டர் வீட்டுக்கு ஓடி வந்தார். அவருடைய பசு ஈன முடியாமல் கிடந்தது. கன்றின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. ரோட்டை விட்டால் எங்கள் பக்கம் செல்போன் சிக்னல் கிடைப்பது ரைட்டர் வாசலில் மட்டும். காளியாயி அங்கிருந்து கூப்பிட, மாட்டு டாக்டர் வெண்ணிலா ஸ்கூட்டரில் முச்சந்தி வரை வந்துவிட்டுப் போனில் வழி கேட்டார். ரைட்டர் போனை வாங்கிக்கொண்டார்.

"நொம்பச் சுலபமுங்க டாக்டரம்மா. இடப்பக்கமா நூத்தி முப்பது டிகிரி திரும்புங்க. நேரா அரை கிலோமீட்டர்."

"எங்கிருந்துங்க?"

"இங்கிருந்துதானுங்க."

"இங்கன்னா எங்கீங்க?"

"நான் நிக்கற எடமுங்க!"

டாக்டர் தான் நின்ற இடத்தில், ஸ்கூட்டர் பார்த்த திசையிலிருந்து திரும்பினார். வேறென்ன செய்வார்? பூட்டிக் கிடந்த ஒரு காப்பிக் களம் வந்தது. மறுபடி போன். ரைட்டர் மறுபடியும் அதே டிகிரியை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். மூன்றாவது முறை காளியாயி போனைப் பிடுங்கினார்.

"டாக்டரம்மா, நீல டேங்க்கு தெரியுதுங்களா? அதுக்கு எதுத்தாப்புல மண்ணுத் தடம் போகுமுங்க. எங்கூட்டுக்காரரு அங்க குடையோட நிக்கறாருங்க."

ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்துவிட்டார். பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

"அரை மணி முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்க," என்றார் டாக்டர். காளியாயி தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு ரைட்டரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

அன்று மாலையே ரைட்டர் சுவர்த் தாளில் அந்தத் தொழுவத்துக்கும் ஒரு புள்ளி வைத்தார். "நான் சொன்னதுல என்னங்க தப்பு? நீங்களே அளந்து பாருங்க," என்றார். அளந்தேன். டிகிரி பிசகவில்லை.

அந்தப் பாடத்தில் ஒரு விதி உண்டு. மையத்துக்குத் தூரம் பூஜ்யம். அதனால் எந்தக் கோணம் சொன்னாலும் மையத்துக்குப் பொருந்தும். ரைட்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியாகவே இருப்பது இப்படித்தான்.

நீங்கள் அப்படியில்லை. சந்தோஷம். நேற்று ஒருவருக்குப் போனில் வழி சொன்னீர்களே, "இப்படியே வந்து, அப்படித் திரும்புங்க" என்று கையை வேறு நீட்டிக் காட்டினீர்களே, அவர் போய்ச் சேர்ந்தாரா?