புட்டிக்குள் பதினான்கு குடும்பங்கள்

என்னைவிட ஐந்து வயது மூத்தவளும் அதை ஒருநாளும் மறக்கவிடாதவளுமான அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மகளும் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கமும் அழுதிருக்கிறாய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கவில்லை. மாடி வீட்டுக்காரர் உனக்குப் போன் செய்து சொன்னதில் பொய் எதுவுமில்லை. தினமும் மாலையில் என் சட்டையில் சாராய வாடை அடிப்பது நிஜம், கண் சிவந்துபோய்ச் சுவரைத் தடவிக்கொண்டு படியேறுவதும் நிஜம். ஆனால் சாராயத்தில் கிடப்பது நானில்லை, இறால். இறால் என்றதும் சந்தையில் வாங்குவதை நினைத்துக்கொள்ளாதே. இது பாதி அரிசிமணி அளவுகூட இருக்காது.

விஷயம் இதுதான். உன் அண்ணி, அதாவது என் வீட்டுக்காரி... பார், எழுதும்போதே உறவுமுறை தடுமாறுகிறது, உனக்கு அவள் தம்பி மனைவி. அவள் போய்ச்சேர்ந்த பிறகு இரண்டு வருடமாக நான் வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மகள் தான் வேலை பார்க்கும் கடல் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். வெளிச்சம் எட்டாத ஆழத்தில்கூடப் பவளம் வளர்கிறதாம், அதன் கிளைகளின் இண்டு இடுக்கெல்லாம் பொடி இறால், பொடி நண்டு, இன்னும் பெயரே வைக்காத என்னென்னவோ குடியிருக்கின்றனவாம். கப்பலில் போனவர்கள் உடைந்த பவளத்தோடு அவற்றை அள்ளிவந்து, கெட்டுப்போகாமலிருக்கச் சாராயத்தில் ஊறப்போட்டிருக்கிறார்கள். அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து இனம் இனமாகப் பிரித்துப் புட்டியில் போட ஆள் வேண்டும். நாள் முழுக்க அதில் குனிந்திருந்தால் கண் சிவந்துவிடும், மாலையில் படிகூடச் சரியாகத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் தபால் பிரித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு தும்மல் போட்டேன், தட்டிலிருந்த எண்பது இறாலும் பறந்தன. கடைசி ஒன்றை உதவியாளப் பெண்ணின் மூக்குக்கண்ணாடியிலிருந்துதான் இடுக்கியால் எடுத்தோம். இரண்டாம் நாள், பழக்கதோஷத்தில், பார்சல் பிரிப்பது மாதிரி எல்லாவற்றையும் அளவு வாரியாகப் பிரித்துவிட்டேன், மறுபடி இனம் பிரிக்க உட்கார்ந்த மகள் அன்று சாப்பிடவே போகவில்லை. மூன்றாம் நாள் முத்திரை குத்தும் வேகத்தில் ஒரு புட்டிக்கு மூடி போட்டதில் புட்டியே உடைந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் அக்கா. பொறுக்க முடியாதது பிறகுதான் நடந்தது. அந்தப் பொடிகளில் ஒரு இனம், நூல் மாதிரி ஒல்லியாக இருக்கும், குட்டிகளை உடம்பிலேயே சுமக்கும். முதுகில், வயிற்றில், மீசையில் எல்லாம் குட்டிகள் தொற்றிக்கொண்டிருக்கும். செத்துச் சாராயத்தில் விழுந்தும் பிடியை விடவில்லை. குட்டிகளைப் பிய்த்துத் தனிப்புட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். எனக்குக் கை வரவில்லை. மூன்று வாரமாகத் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே போட்டு, மேலே ‘குடும்பம் 1’, ‘குடும்பம் 2’ என்று சீட்டு ஒட்டி வைத்தேன். போன வியாழக்கிழமை வெளியூர் நிபுணர்கள் வந்த கூட்டத்தில் தலைமை விஞ்ஞானி பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர், ‘குடும்பம் 1’ வந்ததும் தடுமாறி, ‘குடும்பம் 14’ வந்ததும் நின்றேவிட்டார். இது என்ன புது இனம், யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். “அப்பா, இது வீடில்ல. இதுங்க செத்து மூணு மாசமாச்சு. மூணு வாரக் கணக்கும் தப்பு, நான்தான் திரும்ப உக்காரணும்” என்றாள். நான் பதினான்காம் புட்டியில் இருந்ததைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“எத்தனை குட்டி?” என்று கேட்டேன்.

“பதினொண்ணு.”

தட்டை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “ஆஸ்பத்திரில அம்மா என் கையை இப்படித்தான் புடிச்சிருந்தாங்க” என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அம்மாவைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை அக்கா. நான் ஆமாம் என்றேன். 

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பாடுபட்டுக் கட்டியதை அப்பன் பாசம் காட்டிக் கெடுக்கக்கூடாது. அதனால் ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். நீ கடிதத்தில் கூப்பிட்டபடியே ஞாயிற்றுக்கிழமை வந்து, மீதிக் காலத்தை உன் வீட்டுப் பின்னறையில் உன் அதட்டலைக் கேட்டுக்கொண்டே கழிக்கிறேன். பழைய மெத்தையை வெயிலில் போட்டு வை. அத்தானுக்கு என் வணக்கம், பேரன் பேத்திகளுக்கு ஆசிகள். உன் முழங்கால் சீக்கிரம் உன் பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மெத்தையை வெளியே எடுக்காதே. ராஜினாமாவை மகள் படித்துவிட்டு, “இன்னும் ஆறு பெட்டி இருக்கு, யாரு பிரிப்பா?” என்று கேட்டுக் கிழித்துப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் மறுபடி கிளம்புகிறது. மேல்தளத்திலேயே உட்கார்ந்து பிரிக்க ஆள் வேண்டுமாம், அப்பாவுக்குக் குமட்டலே வராது என்று கேப்டனிடம் சத்தியம் செய்திருக்கிறாள். நான் இதுவரை படகில்கூட ஏறியதில்லை. என் துணிப்பெட்டியைக் கட்டியாயிற்று.