லைசென்ஸ் இல்லாத வாசனை

பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் பதனிடும் ஊரில் நாற்றம் ஒரு பொதுச்சொத்து. பச்சைத் தோல் நாற்றம், சுண்ணாம்புக் குழி நாற்றம், ஆவாரம்பட்டை ஊறும் நாற்றம் அத்தனைக்கும் முனிசிபாலிடி முறைப்படி லைசென்ஸ் வழங்கிப் பரிபாலித்து வந்தது.

பழைய பேட்டைக் கோடியில் ஒரு சின்னப் பள்ளிவாசல். பக்கத்து வீட்டு முருங்கை மரம் அதன் மினாரைவிட ஒரு முழம் உசரம். மோதினார் கலீமுல்லா அங்கே பாங்கு சொல்வார், பாய் உதறுவார், வெள்ளிக்கிழமையானால் தூண்களில் துளி ரோஜா அத்தர் தடவுவார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழியே போன சுகாதார இன்ஸ்பெக்டர் கோதண்டராமன், பாம்பை மிதித்தவர்போல நின்றுவிட்டார்.

“இன்னா நாத்தம்யா இது?”

“அத்தருங்க சார்.”

“லைசென்ஸ் இருக்கா?”

“வாசனைக்குங்களா?”

“லைசென்ஸ் இல்லாத வாசனை சட்டப்படி நாத்தம். வர்ற வெள்ளிக்குள்ள வாங்கலேன்னா கதவுக்கு சீல்!”

கலீமுல்லா தூண்களைத் தேய்த்துக் கழுவினார். கழுவக் கழுவ மணம் தெருவெல்லாம் பரவியது. மறுநாள் காலையில் ஆபீசுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் கனிவாகத்தான் விசாரித்தார். “வாசனை எந்தப் பிராணியிலேர்ந்து வருது?”

“ரோஜாப் பூவுங்க.”

“அதுக்கு எத்தனை காலு?”

“ஒரு காம்புதாங்க.”

“ஒத்தைக்கால் பிராணிக்கு லைசென்ஸ் தர எனக்கு அதிகாரம் இல்லே. ஆடு, மாடு, எருமை, இதுல ஒண்ணைச் சொல்லும்.”

“தொழுவுற எடம் சார், எப்படிப் பொய் சொல்றது?”

“பொய் எதுக்கு? பின்சந்துல ஒரு ஆட்டுத்தோலைத் தொங்க விடும். அத்தரை அதுக்கு அடங்கின உபநாத்தம்னு எழுதிக்கறேன்.”

பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்த முத்தவல்லி ஜக்கரியா சாயபுவுக்குத் தோல் மண்டி இருந்தது. இருப்பதிலேயே பெருநாற்றமுள்ள தோலாகப் பார்த்துப் பெருந்தன்மையோடு கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். “இப்பதான்யா சுத்தமா இருக்கு!” லைசென்ஸ் கிடைத்தது. தொழுகையும் நடந்தது.

சேதி பரவியது. பூக்கார அமிர்தவள்ளி மல்லிகைக் கூடைமேல் ஒரு தோலைக் கட்டினாள். காபிக் கிளப் மூர்த்தி வாசலில் ஒன்று மாட்டினார். பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. வசதிப்பட்டவர்கள் எருமைத்தோலுக்கு மாறினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், “வாசல்ல ஆடா, எருமையா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

லைசென்ஸ் இல்லாத நாற்றமே இல்லாத ஊர் என்று சர்க்கார் மெச்சியது. கோதண்டராமனுக்கு உத்தியோக உயர்வு கொடுத்து உதகமண்டலத்துக்கு மாற்றியது.

ஒரே வாரம். லீவு போட்டுவிட்டு ரயிலில் வந்து இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். சேதி கேட்டு ஊரோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்த கலீமுல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஊர்க் காத்துல ஒண்ணுமே இல்லேய்யா! வெறும் காத்து!”

கலீமுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அய்யய்யோ! எப்படிங்க சார் மூச்சு விட்டீங்க?”

பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஊரே “ச்சு ச்சு” கொட்டியது.