அப்பா பளபளப்பாக்கிய டங்ஸ்டன்

“டங்ஸ்டனப் பத்தி உங்கப்பனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?”

பெரியப்பா இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. கேள்வியில் நியாயம் இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது. அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அவர் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சின் முனையில் இருக்கும் கம்பியே டங்ஸ்டன்தான். நானோ எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. கடைசி வருடம். (நான் நடந்து வந்தால் தாம்பரம் ஸ்டேஷன் கூட்டமே விலகி வழிவிடும் என்று அப்போது ஒரு நினைப்பு.)

சட்டைப் பட்டன் அளவு டங்ஸ்டன் வில்லை ஒன்றைக் கண்ணாடி போலத் தேய்த்து, வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். அங்கே அதைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் ஹீலியம் அயனிகளைப் பொழிவார்கள். பலூனில் அடைக்கிற அதே ஹீலியம்தான். அது உலோகத்துக்குள் புகுந்து நுண்குமிழிகளாகச் சேர, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு முளைக்கும். அந்தப் பஞ்சுக்குள் போன ஒளி திரும்பி வராது. அதனால் வில்லை கறுத்துத் தெரியும். சூரியனைப் போல எரியும் அணு உலை ஒன்றை நாளைக்குக் கட்டினால், அதன் டங்ஸ்டன் உட்சுவருக்கும் இந்தக் கதிதான். அதைப் புரிந்துகொள்வதுதான் என் ப்ராஜெக்ட்.

வில்லை கன்னங்கரேலென்று திரும்பி வந்தது. திங்கட்கிழமை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எங்கள் முறை. படம் நன்றாக வந்தால் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்வதாக என் ப்ராஜெக்ட் கைடு மேடம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் வேலை காத்திருந்தது. வில்லையை ஆய்வகத்திலேயே பூட்டி வைத்திருக்க வேண்டும். நான் சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன், பெரியப்பாவுக்குக் காட்ட.

“இன்னாடா இது, அடிப்புடிச்சுக் கீது” என்றார் பெரியப்பா, அப்பாவைப் பார்த்து.

நான் அயனி, குமிழி என்று வெகுநேரம் பேசினேன். (‘தொடாதீங்க’ என்பதை மட்டும் சொல்லவில்லை.) அப்பா வாயே திறக்கவில்லை. என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடித்து வந்தவர், ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

“இந்தாம்மா. மூஞ்சி பாக்கலாம்.”

பார்த்தேன். என் மூஞ்சி தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

“டங்ஸ்டன் கறுத்துப்போச்சுன்னா காத்து படாம மூடுற கேஸ் சரியா வரலன்னு அர்த்தம். கிரைண்டர்ல புடிச்சா சரியாப்பூடும். காலேஜ்ல யாரும் உன்னிய ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு பஃப் வேற போட்டு மினுக்கிகினு வந்தேன்.”

பட்டறையில் அவர் சொல்வது முழுக்கச் சரி.

“அந்தக் கறுப்புதாம்பா என் ப்ராஜெக்ட்டே.”

“அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்றவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மேடம், “சாம்பிள் எங்க?” என்றார்.

“அப்பா பாலிஷ் பண்ணிட்டார் மேடம்.”

மேடம் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்திருப்பார்.

“வீட்டுக்கு எதுக்குக் கொண்டுபோன?”

“பெரியப்பாவுக்குக் காட்ட, மேடம்.”

“இன்னொண்ணு அனுப்பலாம். நம்ம டர்ன் வர ஆறு மாசம் ஆகும். வெயிட் பண்ணுவியா, வேலைக்குப் போறியா?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோசை தீய்ந்தால் அம்மா, “யாரும் சொரண்டாதீங்க, ஆராய்ச்சியா இருக்கப் போவுது” என்பார். எல்லோரையும் விடப் பலமாகச் சிரிப்பது அப்பாதான். ஆனால் அன்று சாயங்காலம், நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“ஆறு மாசமா? அப்ப சிறுசேரிக்கே போய்டும்மா. எல்லாம் என்னால...”

“வேலைக்கு வரலைன்னு அவங்களுக்கு மத்தியானமே மெயில் போட்டுட்டேன்பா. புது வில்லையத் தேய்க்கவும் ஆரம்பிச்சுட்டேன்.”

அப்பா நிமிர்ந்தார்.

“எத்தினாம் நம்பர் எமரி பேப்பர்ல தேய்க்கிற?” என்று கேட்டார்.