தெரெசாவின் தொண்ணூற்று இரண்டாயிரம் டாலர்

என் மதிப்புக்கும் கோபத்துக்கும் உரிய லிட்மிலா அக்காவுக்கு,

தம்பி மைலோ எழுதுவது. இங்கே நானும் வெர்னாவும் மகள் தெரெசாவும் சுகம். என் எரிவாயு லாரிக்குத்தான் சுகமில்லை. மூன்றாவது கியரில் போட்டால் இருமுகிறது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் நீ தொலைபேசி வரைக்கும் நடந்தே ஆக வேண்டும். விஷயம் அவ்வளவு அவசரம்.

போன வருட ஈஸ்டர் விருந்தில் கொலாச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "இவ டீச்சராவே பொறந்தவ" என்று என் மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு லிங்கன் நகரத்துக்குக் கார் ஏறிவிட்டாய். முப்பத்தோரு வருடம் மூன்றாம் வகுப்பு நடத்தியவள் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? இப்போது மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் படிப்புக்கு இடம் வாங்கி, கடன் தாள்களையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டாள். கடன் அவள் பெயரில்தான். ஆனாலும் நான் சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டாளாம். மே முதல் தேதி கடைசி நாள். நான் சரி சொல்வதாக இல்லை.

ஏதோ பிடிவாதத்துக்குப் பேசுகிறேன் என்று நினைக்காதே. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு படித்தால் எவ்வளவு கடன் வரும், எவ்வளவு சம்பளம் வரும் என்று அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது; நூலகத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கம் அச்செடுத்து, பக்கத்துக்குப் பத்து காசு கொடுத்து வாங்கி வந்தேன். ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது: ஆசிரியர் படிப்பு, கடன் இருபத்து மூவாயிரம், வருடச் சம்பளம் முப்பத்தொன்பதாயிரம். நான்கு வருடப் படிப்பு. எனக்குப் பெருக்கல் தெரியும். தொண்ணூற்று இரண்டாயிரம் டாலர் கடன், அக்கா! அதே நேரத்தில் நம் ஊர் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் கம்பம் ஏறும் லைன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பழகும்போதே சம்பளம், ஒரு டாலர் கடன் கிடையாது. இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். "மைலோ, சூப் ஆறுது," என்றாள் வெர்னா. "அப்பா, நான் ஏணியில நாலாவது படி ஏறினாலே கண்ணை மூடிக்குவேன், என்னைப் போய்க் கரண்டுக் கம்பத்துல ஏறச் சொல்றீங்களே," என்றாள் உன் மருமகள். "கம்பம் ஏறினா சம்பளமும் ஏறும்மா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து, கல்லூரியைப் பார்க்க வரும்படி பெற்றோரை அழைத்திருந்தார்கள். போனதும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பிறகு கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிய துறைத்தலைவர் ஒருவர் மேடையேறி, "எங்ககிட்ட படிச்சவங்களுக்குக் கிடைக்கிற பெரிய வருமானமே மனநிறைவுதான்" என்றார். நான் எழுந்தேன். எழாமல் எப்படி இருப்பது? "அதை எந்த பேங்க்லங்க போடலாம்?" என்று கேட்டேன். அறுபது பெற்றோர் சிரித்தார்கள், ஒருவர் கைதட்டினார், தெரெசா மெதுவாக நகர்ந்துபோய் வேறொரு குடும்பத்தோடு நின்றுகொண்டாள். அந்தக் குடும்பத்து அம்மாள் ஒரு நிமிடம் விரலை மடக்கித் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். வீடு வருகிற எழுபது மைலும் நானும் அந்தத் தண்ணீர் பாட்டிலும்தான் பேசிக்கொண்டோம்.

சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். சாட்சி தானாகவே வந்தது. சனிக்கிழமை காரோடு டயர் கடைக்குப் போனால், ஸ்பானரோடு வந்து நின்றவர் தெரெசாவின் இயற்பியல் வாத்தியார் ஹார்லன் போஷ்கா! வார நாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை டயர். "சார், உங்க படிப்புக் கடன் முடிஞ்சுதா?" என்றேன். "பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க. இன்னும் ஏழாயிரம் நிக்குது." எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக்கூடாது. "அப்போ இந்த வேலைக்கு வந்ததே தப்புதானே?" என்று மடக்கினேன். மனிதர் நான்கு போல்ட்டை முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சனிக்கிழமைதாங்க தப்பு. மத்த அஞ்சு நாளும் சரியாத்தான் இருக்கு." இந்தப் பதில் எனக்கு உபயோகப்படாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீ அவளைக் கூப்பிட வேண்டும். உன் கடைசித் தவணையை நாற்பத்தொன்பதாவது வயதில் கட்டிவிட்டு வங்கி வாசலில் உட்கார்ந்து அழுதாயே, அதைச் சொல். உன் சொந்தக் காசில் வகுப்புக்குப் பென்சில் வாங்கியதைச் சொல். நான் அசையப்போவதில்லை. நீயும் அசைந்துவிடாதே.

கர்த்தர் உன் முழங்காலையும், இந்த வருடச் சோளத்தையும், என் மகளின் புத்தியையும் ஒருசேரக் காப்பாற்றட்டும்.

உன் பாசமுள்ள, அசையாத தம்பி,
மைலோ கிராட்டோக்வில்

பின்குறிப்பு: வாத்தியாரம்மாவுக்குப் போகிற கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்கக்கூடாதே என்று இதைத் தெரெசாவிடமே கொடுத்தேன். முழுதும் படித்தாள். கோபப்படவில்லை. இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்திவிட்டு, அந்த ஐந்தாம் பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இந்த வரியை வாசிங்க."

"கடன், இருபத்து மூவாயிரம்."

"அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு?"

"படிப்பை முடிக்கும்போது."

"முடிக்கும்போதுன்னா எப்போ?"

"நாலாவது வருஷக் கடைசியில."

"சரி. அப்போ எதுக்கு நாலால பெருக்குனீங்க?"

உள்ளே வெர்னா குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது. நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மொத்தமே இருபத்து மூவாயிரம்தான், அக்கா. அவள் ஓரிடத்திலும் 'தப்பு' என்று சொல்லவில்லை. நானே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள். கண்டுபிடித்ததும், "சபாஷ் அப்பா" என்றாள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சரி என்று சொல்லிவிட்டேன். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனால் முப்பத்தொன்பதாயிரம் சம்பளம் குறைவுதான், அதில் நான் மாறவில்லை. ஆசிரியர் சம்பளத்தை முடிவு செய்கிற பள்ளி நிர்வாகக் குழு செவ்வாய்க்கிழமை கூடுகிறது. போய் எழுந்து நிற்கப்போகிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் நாங்கள் எடுக்க மாட்டோம். அன்றைக்குத் தெரெசாவிடம் எனக்கு வட்டிப் பாடம்.