எலுமிச்சை வாசம் வீசிய ஊதாப்பூ

டப்பாவைத் திறந்த சமையல் மாஸ்டர் உடனே மூடினார். மூடிவிட்டால் உள்ளே இருப்பது தானாகச் சரியாகிவிடும் என்பதுபோல் கொஞ்சம் காத்திருந்து மறுபடி திறந்தார். சரியாகவில்லை.

முட்டையின் வெள்ளைக்கரு தடவி, பொடித்த சர்க்கரை தூவி, நாள் முழுக்க உலர்த்திய ஊதாப்பூக்கள் அவை. யாரோ வெந்நீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததில் ஆவி பட்டு ஒரே உருண்டையாகியிருந்தன. அந்த யாரோ, மாஸ்டர்தான்.

முதலாளியம்மா செல்போனில் ஏதோ வீடியோ பார்த்ததிலிருந்து அந்த உணவகத்தில் ஜூஸ், புட்டிங், கேக் எல்லாவற்றின் தலையிலும் ஒரு சர்க்கரைப் பூ. ஒரு தடவை செய்து வைத்தால் டப்பா வாரக்கணக்கில் காலியாகாது. தன் கைராசி என்று மாஸ்டர் மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அவள் நம்பியதில்லை.

இன்று மாலை, வாரப் பத்திரிகையில் சாப்பாட்டு விமர்சனம் எழுதும் அம்மாள் வருகிறார்.

"அவங்க நம்ம பூவைப் பத்தி நாலு வரி எழுதணும். இல்லைன்னா நாளையிலேருந்து நீங்க வெங்காயம் உரிக்கலாம்" என்று முதலாளியம்மா காலையிலேயே அன்பாகச் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் உருண்டையைப் பிரித்து, புதிதாகச் சர்க்கரை தூவி, மேசை விசிறி முன் வைத்தார். பூ காயவில்லை. சர்க்கரை மட்டும் பறந்துபோய் பக்கத்து அடுப்பு சூப்பில் இறங்கியது. சூப்புக்காரர் சொன்னதை அச்சில் போட முடியாது.

அடுத்து ஓவனில் வைத்தார். வெளியே வந்தவை கரப்பான் பூச்சி இறக்கை மாதிரி இருந்தன. இனிப்பான இறக்கை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்தவை வாசல் தொட்டிகள். முதலாளியம்மா பெற்ற பிள்ளைபோல் வளர்க்கும் ஊதாப்பூச் செடிகளை மொட்டையடித்துக்கொண்டு வந்தார். பரிமாறும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர், அந்தச் செடிக்கு அம்மா இன்னிக்குத்தான் பூச்சிமருந்து அடிச்சாங்க."

பூக்கள் குப்பைக்குப் போயின. வாசலிலிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது.

"என் செடியை எந்த மாடு மேஞ்சது?"

மாடு சத்தம் காட்டாமல் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றது.

விமர்சகர் வந்து உட்கார்ந்தாயிற்று. மொட்டைத் தலையோடு புட்டிங் காத்திருந்தது. ஒரே ஒரு பூ கிடைத்தால் போதும் என்று மாஸ்டர் புலம்பினார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு மாஸ்டர்."

பரிமாறும் பெண் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பூவை எடுத்தாள். ஒரு சிட்டிகை சர்க்கரை தூவிப் புட்டிங் மேல் உட்கார வைத்துக் கொண்டுபோய்விட்டாள். ஏது என்று கேட்க மாஸ்டருக்கு நேரமில்லை.

விமர்சகர் பூவைத்தான் முதலில் வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

"எத்தனையோ இடத்துல பூ சாப்பிட்டிருக்கேன். வெறும் சர்க்கரைதான் தெரியும். இதுல லேசா ஒரு எலுமிச்சை வாசம் வருதே, அது எப்படிங்க?"

மாஸ்டர் அன்று எலுமிச்சையைத் தொடவே இல்லை. தொழில் ரகசியம் என்று தலையைக் குனிந்துகொண்டார். அடக்கத்தைப் பார்த்து முதலாளியம்மா பூரித்துப்போனார். விமர்சகர் நாலு வரிக்கு மேலேயே குறித்துக்கொண்டார்.

சமையலறைக்குத் திரும்பியதும் மாஸ்டர் பரிமாறும் பெண்ணைப் பிடித்தார்.

"என் வேலையைக் காப்பாத்திட்டியேம்மா. அந்தப் பூ ஏது?"

"மத்தியானம் மூணாம் டேபிள்காரர் எலுமிச்சை ஜூஸ் குடிச்சுட்டு, எல்லாரையும் போலப் பூவை எடுத்து ஓரமா வச்சுட்டுப் போயிட்டார் மாஸ்டர். நானும் எப்பவும் போலத் துடைச்சு, டப்பாவுல திரும்பப் போடலாம்னு எடுத்து வச்சிருந்தேன்."