பேண்டேஜ் துணிக்குக் கிடைத்த பரிசு

ராஜபாளையம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

மதிப்பும் பிரியமும் நிறைந்த மச்சான் பால்துரை அவர்களுக்கு, மைக் செட் வேதமணி எழுதிக்கொள்வது. தேவ கிருபையில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தங்கை கல்பனாவுக்கு மட்டும், மேகம் கூடினால் முழங்கால் வலி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. பிளஸ்ஸி சரித்திரம் படித்தது போதும், நர்சிங் சீட்டு பேசி வைத்திருக்கிறேன், உடனே அனுப்பு என்று போன் செய்தீர்கள். "சரித்திரம் படிச்சவளுக்கு எவன் வேல குடுப்பான்?" என்றும் கேட்டீர்கள். காலேஜ் பீஸ் கட்ட முழி பிதுங்கிக்கொண்டிருந்த நேரம், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசிவிடுவீர்கள்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பி.ஏ. சரித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை பரிசுப் போட்டி வைத்திருந்தது. அவரவர் செய்த ஆராய்ச்சியை மேடையேறிச் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற பிள்ளைக்குப் பட்டம் வாங்கும் வரை படிப்புச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். "தோத்துட்டா மாமா சொன்னபடி நர்சிங் போறேன்ப்பா. ஆனா நீங்க மண்டபத்துக்குள்ள வரப்படாது" என்றாள் பிளஸ்ஸி. "ஏன்ட்டி?" என்றேன். "மைக்கப் பாத்தா நீங்க சும்மா இருக்க மாட்டிய" என்றாள்.

சரி என்று வாசலோடு நின்றேன். நடுவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கியிருந்த பால்கோவாவைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு லஞ்சம்" என்று முறைத்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்தில் என்னைப் போலவே ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பெயர் சேஷு, ஆண்டாள் கோயில் பக்கத்து வீடு, மகன் ஹரிப்ரசாத் ஆண்டாள் தேரைப் பற்றிப் பேசப் போகிறானாம். "உங்க பொண்ணு என்ன தலைப்பு?" என்று கேட்டார். "பேண்டேஜ் துணி" என்றேன். பாவம், மனுஷன் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவனுக்குத் தேர், நமக்குக் காயத்துக்குக் கட்டுகிற துணி! பயத்தில் ரெண்டு பேருமாக அந்தப் பால்கோவாவைப் பேப்பரை வழித்து நக்கும் வரை தின்று தீர்த்தோம்.

அந்த நேரம் பார்த்து உள்ளே "பிளஸ்ஸி வேதமணி" என்று கூப்பிட்டார்கள், மைக் கொர்ரென்று இழுத்தது, எவனோ விவரங்கெட்டவன் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் மைக்கை வைத்திருக்கிறான், என் மகள் வாயைத் திறந்தால் வார்த்தைக்குப் பதில் விசில்தான் வருகிறது, பெத்தவன் எப்படிப் பொறுப்பான் மச்சான், ஓடிப்போய் மேடையேறி ஆம்ப்ளிபயரில் ஒரே ஒரு பட்டனைத்தான் திருகினேன், டப்பென்று ஒரு சத்தம், மைக் செத்தது, மேலே ஓடின ஃபேனும் நின்றது. பிளஸ்ஸி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி உயரமாகிவிட்டேன். இறங்கவும் கால் வராமல் திரைச்சீலை ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

வீட்டில் குழம்புக்கு உப்புக் கேட்டாலே நமக்குக் காதில் விழாத பிள்ளை அவள். அந்த மண்டபத்தில் மைக் இல்லாமல் பேசினாள்.

"எங்க ஊர்ப் பக்கம் தறியில நெய்யிறது பேண்டேஜ் துணி. பக்கத்துத் தெரு சண்முகத்தாயி அத்த வாழ்நாள் பூரா நெய்ஞ்சாவ. அம்புட்டுத் துணியும் எங்க போச்சுன்னு கேட்டேன். 'யார் ரத்தத்துல ஊறுச்சோ, எனக்கென்னம்மா தெரியும்'னாவ. போர்ல காயம்பட்டவன் பேரு புத்தகத்துல இருக்கு. கட்டுப் போட்ட டாக்டர் பேரு இருக்கு. துணிய நெய்ஞ்ச பொம்பள பேரு மட்டும் எங்கயும் இல்ல. நான் வீடு வீடாப் போயி அந்தப் பேர்களக் கேட்டுட்டு வந்திருக்கேன்."

பிறகு ஒவ்வொரு பேராகச் சொன்னாள். மச்சான், சபையில் வேதம் வாசிக்கும்போதுகூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. முப்பது வருஷமாக ஊர் முழுக்கச் சத்தத்தைக் கட்டித் தூக்கியவன் நான், சத்தமே இல்லாமல் ஒரு குரல் கடைசி நாற்காலி வரை போவதை நேற்றுத்தான் பார்த்தேன். நடுவில் "கல்பனா" என்று ஒரு பேர் வந்தது. யாரோ என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, உங்கள் தங்கை! கல்யாணத்துக்கு முன்னால் தறிக்குப் போனவள்தானே. தினம் நான் 'ஏட்டி' என்று கூப்பிடுகிறவளின் பேர் அங்கே ராஜாக்கள் பேரைப் போலக் கேட்டது.

முடித்ததும் நடுவர் கோதைநாயகி அம்மாள், ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியை, எழுந்தே நின்றுவிட்டார். சேஷு துண்டால் கண்ணைத் துடைத்தார். முதல் பரிசு பிளஸ்ஸிக்கு. ஆகையால் நர்சிங் சீட்டை வேறு நல்ல பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். நம் பிள்ளை சரித்திரம்தான் படிப்பாள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
தலைகால் புரியாமல்,
வேதமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பிளஸ்ஸி வாங்கிப் படித்தாள். மைக்கை நான் கெடுக்கவில்லையாம், ஊருக்கே கரண்ட் போயிருந்ததாம். கோதைநாயகி அம்மாள் எழுந்தது மரியாதைக்கு அல்லவாம், அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், கடைசியில் சொன்ன பேர்கள் கேட்கவில்லை என்று முன்னால் வந்தார்களாம். சேஷு அழுதது அவர் மகன் தோற்றதற்காம். "அப்பிடின்னா எல்லாத்தையும் அடிச்சிட்டு வேற எழுதட்டுமா?" என்றேன். "சாட்சி சொன்னத அடிக்கக் கூடாதுப்பா. கீழ குறிப்புதான் போடணும்" என்றாள். போட்டுவிட்டேன்.

இன்னொன்று. பரிசோடு ஆராய்ச்சியைத் தொடரவும் சொல்லியிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ரெக்கார்டரோடு உங்கள் வீட்டுக்கு வருகிறாள். அந்தக் காலத்தில் கல்பனா நெய்த தறிக்கூடத்தில் நீங்கள்தானே மேஸ்திரி? நெய்த பெண்களை டீ குடிக்க எம்புட்டு நேரம் விட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாம். யோசித்துச் சொல்லுங்கள் மச்சான். உங்கள் தங்கையிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.